லொள்ளு சபா: ஒரு சிரிப்பு நிகழ்ச்சியின் திரைமறைவு வரலாறு



ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜித் தானா வட்டாரங்களிலும், மலாக்கா நகரைச் சுற்றியுள்ள தாமான்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் கூடி உட்காருவது வழக்கம். செய்தி என்றால் தாத்தா பார்ப்பார். தொடர்கதை என்றால் அம்மா பார்ப்பார். ஆனால் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்துவிட்டால் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் சேர்ந்தே சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "சும்மா ஒரு கூத்து" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கூத்து உண்மையிலேயே சும்மா வந்ததுதானா? சில நிமிடச் சிரிப்புக்கு எத்தனை பேர், எத்தனை நாள் உழைக்கிறார்கள்? அவர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்? சென்னை விஜய் தொலைக்காட்சியில் 2000ஆம் ஆண்டுகளில் பல ஆண்டுகள் ஓடிய 'லொள்ளு சபா' என்ற நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

சென்னைக்குப் போகும் முன், என் சிறு வயதில் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு, கோயில் திடலில் பலகை அடித்து மேடை போட்டு அரிச்சந்திர நாடகம் நடந்தது. கோமாளி வேடம் கட்டியவர் ஒரு பால்மரத் தொழிலாளி. சுடுகாட்டுக் காட்சிக்கு முன்னால் அவர் ஒரு கிழிந்த கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கின் நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பால் நிறுக்கும் கிராணியைப் போலவே பேசிக் காட்டினார். "உன் பாலில் தண்ணீர், அதனால் உனக்குப் பாதிப் பேர்!" என்று அவர் சொன்னதும் லயத்து மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமே அவருக்கு வேறு நிரை கொடுக்கப்பட்டது. பால் வற்றிய கிழட்டு மரங்கள் நிற்கும் மேட்டு நிரை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் அத்தனை லயத்துக்கும் காரணம் தெரிந்திருந்தது.

அன்று எனக்கு விளங்காத ஒன்று பின்னாளில் விளங்கியது. சிறியவர் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு விளையாட்டுப் பொருள் அன்று. அதற்கு ஒரு வலிமை உண்டு. அதனால்தான் அதற்கு ஒரு விலையும் உண்டு.

இந்தச் சிரிப்பு நம்மிடையே பழமையானது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் வருவதை நம் பெரியவர்கள் அறிவார்கள். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவனும் அவனே. அந்த ராஜாவைக் கிண்டல் செய்பவனும் அவனே. புராணக் கதைக்கு நடுவில் ஊர் நடப்பைப் பேசும் உரிமை அவனுக்கு உண்டு. இந்த உரிமையைத் திரைப்படத்துக்குக் கொண்டு போனவர்களில் தலைசிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர், வில்லுப்பாட்டும் நாடக மேடையும் கண்டு, 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' மூலம் திரையில் நுழைந்தவர். அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி' என்ற படம் 1949இல் வெளிவந்தது. அதில் 'கிந்தனார்' என்றொரு காலட்சேபத்தை அவர் நடத்திக் காட்டினார். அது நந்தனார் சரித்திரத்தை மாற்றிச் செய்தது. நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தனோ பள்ளிக்கூடம் போகத் துடிக்கிறான். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து உயர்வதே கதை. பழைய கதையின் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் படத்தை மட்டும் மாற்றிவிட்டார். மக்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற கருத்தையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். இப்படி எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மாற்றிப் போட்டுச் சிரிக்க வைக்கும் முறைதான் பின்னால் லொள்ளு சபாவின் மூலதனம் ஆயிற்று.

படமே இல்லாத வானொலியிலும் இக்கலை வளர்ந்தது. இலங்கை வானொலியில் 1970ஆம் ஆண்டுகளில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் மிகுந்த புகழ் பெற்றது. எழுதியவர் எஸ்.ராம்தாஸ். அவர் மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழிலும், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழிலும், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழிலும், அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். முகம் தெரியாவிட்டாலும் குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடலாம். அத்தொடரின் புகழால் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமும் வந்தது. ஒரே வீட்டுக்குள் பலவகைத் தமிழும் இருக்கலாம், ஒன்றை ஒன்று இழிவு செய்யாமலே சிரிக்கலாம் என்பதற்கு அது சான்று.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். வாராவாரம் ஒரு குழு கூடி, சிறு சிறு காட்சிகளாக எழுதி நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளில் உலகிலேயே மிகவும் பேர்பெற்றது அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்'. நியூயார்க் நகரில் 1975 அக்டோபர் 11ஆம் நாள் அது தொடங்கியது. தொடங்கிய காரணமே வேடிக்கையானது. ஜானி கார்சன் என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியாளர், தம்முடைய பழைய நிகழ்ச்சிகளை வார இறுதியில் திரும்பப் போட வேண்டாம் என்றார். சனிக்கிழமை இரவில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு லோர்ன் மைக்கேல்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படிப் பிறந்த நிகழ்ச்சி 2025இல் 50 ஆண்டுகளை நிறைவு செய்தது.

அவர்களுடைய ஒரு வார வேலையைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். திங்கட்கிழமை எல்லோரும் கூடி யோசனை சொல்கிறார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுகிறார்கள். புதன்கிழமை ஏறத்தாழ 40 காட்சிகள் வாய்விட்டுப் படிக்கப்படுகின்றன. அவற்றில் பத்துப் பன்னிரண்டு மட்டுமே தேறுகின்றன. அன்றிரவே தச்சரும் தையற்காரரும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். வியாழனும் வெள்ளியும் ஒத்திகை. சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் முழு ஒத்திகை. சிரிப்பு வராத காட்சி அங்கேயே கழிக்கப்படுகிறது. 11.30க்கு நேரடி ஒளிபரப்பு. வசனங்களைப் பெரிய அட்டைகளில் கையால் எழுதிப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு சொல் மாறினாலும் அட்டையும் மாற வேண்டும். திரையில் தெரிபவர் ஒருவர் என்றால், தெரியாமல் உழைப்பவர் பலர்.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. 1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் டி.வி.3இல் 'செனாரியோ' என்ற மலாய் நகைச்சுவைக் குழு வீடுதோறும் அறிமுகமாகியிருந்தது. அவர்களுடைய திரைப்படம் 1999இல் வந்தபோது நம் பிள்ளைகளும் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்புக்கு மொழிவேலி உயரமானது அன்று என்பதை நாம் அப்போதே கண்டுகொண்டோம்.

இப்போது சென்னைக்குப் போவோம். சென்னையில் தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. 1993க்குப் பிறகு தனியார் அலைவரிசைகள் வந்தன. திரைப்படப் பாடல், திரைப்படத் துணுக்கு, திரைப்பட விமர்சனம் என்று எந்நேரமும் திரைப்படமே ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள், திரைப்படத்தையே கேலி செய்யும் நிகழ்ச்சியாக லொள்ளு சபா வந்தது. இயக்கியவர் ராம்பாலா.

பெயரைச் சற்றுக் கவனியுங்கள். 'லொள்ளு' என்பது நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல். தெருவில் அது குறும்புப் பேச்சுக்கு ஆகி வந்தது. 'சபா' என்றால் சென்னையில் பெரிய மனிதர்கள் சங்கீதக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போய் உட்காரும் இடம். தெருவையும் சபையையும் ஒரே பாயில் உட்கார வைத்தது அந்தப் பெயர். நிகழ்ச்சி செய்ததும் அதைத்தான்.

அதன் முறை இதுதான். மக்கள் பலமுறை பார்த்துப் பழகிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வார்கள். அதே கதை, அதே காட்சி வரிசை, அதே முறைப்பு. ஆனால் நாயகனின் இடத்தில் அடுத்த வீட்டுக்காரரைப் போன்ற ஒருவர் நிற்பார். பெரிய படத்தில் நாயகன் பத்துப் பேரை அடிக்கும்போது நாம் ஏன், எப்படி என்று கேட்பதில்லை. இங்கே அடி வாங்க வேண்டியவனே, "எப்படி ஐயா நீ ஒருத்தன் பத்துப் பேரை அடிப்பாய்?" என்று கேட்பது போல நடந்துகொள்வான். நாம் கேட்காமல் விட்ட கேள்வி கேட்கப்படுகிறது. அதனால் சிரிப்பு வருகிறது.

இப்படிச் செய்வது எளிதன்று. மூலப் படத்தை வரி வரியாக அறிந்திருந்தால்தான் எந்த இடத்தில் ஊசி குத்தலாம் என்பது தெரியும். நடிகர் மூலத்தைப் போலவே தொடங்கி, சரியான நொடியில் விலக வேண்டும். முன்னே விலகினால் எந்தப் படம் என்று தெரியாது. பின்னே விலகினால் சிரிப்பு போய்விடும். காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அரங்க அமைப்பு எளிமையானது, உடைகளும் எளிமையானவை. ஒரு வாரம் தந்தையாக வந்தவர் மறுவாரம் வில்லனாக வருவார். பெரிய படத்தின் ஆடம்பரத்துக்கு நேர் எதிரே இந்த எளிமை நின்றது. அந்த எளிமையே நகைச்சுவைக்கு உதவியது. நம் தோட்டத்து மேடையில் தகர டின் கிரீடமானது போலத்தான்.

அங்கே நடித்தவர்கள் யார்? சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், மாறன், சேசு என்று பலர். பின்னாளில் இவர்களில் பலருக்கு நிகழ்ச்சியின் பெயரே முன்னெழுத்தாகிவிட்டது. 'லொள்ளு சபா' மனோகர், 'லொள்ளு சபா' மாறன், 'லொள்ளு சபா' சேசு என்றால்தான் மக்களுக்குத் தெரியும். நம்மவர்களையும் ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயரை முன்னால் வைத்துத்தானே அழைத்தார்கள்? உழைத்த இடமே ஒருவருக்கு ஊராகிவிடுகிறது.

இவர்களில் பெருந்திரைக்குப் போனவர்களில் ஒருவர் சந்தானம். நடிகர் சிலம்பரசன் அவரை இந்நிகழ்ச்சியில் பார்த்து, 2004இல் வெளிவந்த 'மன்மதன்' படத்தில் வாய்ப்புக் கொடுத்தார். சில ஆண்டுகளில் தமிழ்ப்படங்களில் தவிர்க்க முடியாத நகைச்சுவை நடிகரானார். 2014 முதல் நாயகனாகவும் நடிக்கலானார். ஒன்றை இங்கே பாராட்ட வேண்டும். உயர்ந்த பிறகு அவர் பழைய தோழர்களை மறக்கவில்லை. ராம்பாலா 2016இல் 'தில்லுக்கு துட்டு' படத்தை இயக்கியபோது நாயகன் சந்தானமே. 2024இல் வந்த 'வடக்குப்பட்டி ராமசாமி' படத்திலும் மாறன், சேசு போன்றவர்கள் அவருடன் நடித்தார்கள். அதில் சேசுவின் நடிப்பு மக்களிடையே பேசப்பட்டது. பல ஆண்டுகள் சிறு வேடங்களில் காத்திருந்தவருக்குக் கிடைத்த கைதட்டல் அது. அதே ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அவர் காலமானார்.

இன்னொருவர் கதை நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. நண்பர் ஒருவருடன் துணைக்காகப் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போனவர் யோகி பாபு. கலைந்த சுருட்டை முடியும் பருத்த உடலுமாக நின்ற அவரை ராம்பாலா கவனித்து, நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார். சிறு வேடங்களில் தலைகாட்டியதோடு, காட்சிகள் எழுதுவதிலும் அவர் உதவினார். அவருடைய பெயரில் உள்ள 'யோகி' 2009இல் அவர் நடித்த முதல் படத்தின் பெயர்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழ் நகைச்சுவையில் ஒருவருடைய நிறத்தையும் பருமனையும் முடியையும் பல்லையும் சொல்லிச் சிரிக்க வைக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. யோகி பாபு நடித்த படங்களிலும் அவர் தோற்றத்தைக் கேலி செய்யும் வசனங்கள் ஏராளம். லொள்ளு சபாவும் இப்பழக்கத்திலிருந்து முழுவதும் விலகி நின்றதாகச் சொல்ல முடியாது. பெண்களுக்கு அங்கே கிடைத்த வேடங்களும் ஆண்களுக்குக் கிடைத்தவற்றை விடக் குறைவு. அகந்தையைக் கேலி செய்வது வேறு. பிறவியைக் கேலி செய்வது வேறு. 'தோட்டக்காட்டான்' என்று நம்மைச் சொல்லி மற்றவர் சிரித்தபோது நமக்கு எப்படி வலித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேற்றுமை தானாக விளங்கும்.

அதே யோகி பாபுதான் 2021இல் 'மண்டேலா' என்ற படத்தில் நடித்தார். மடோன் அஸ்வின் இயக்கிய அப்படத்தில் அவர் ஒரு சிற்றூரின் முடிதிருத்தும் தொழிலாளி. அவருக்கென்று முறையான ஒரு பெயர்கூட இல்லை. பிறகு 'நெல்சன் மண்டேலா' என்று ஒரு பெயர் கிடைக்கிறது. ஊராட்சித் தேர்தலில் இரு கட்சிக்கும் சமமான வாக்கு இருக்க, இவருடைய ஒரு வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. நேற்றுவரை தீண்டாதவர்கள் இன்று வாசலில் வந்து நிற்கிறார்கள். படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இம்முறை அவருடைய முடியைப் பார்த்து அல்ல, ஊர்ப் பெரியவர்களின் பேராசையைப் பார்த்து. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடப்பதற்கு இரண்டே நாள் முன்பு, 2021 ஏப்ரல் 4ஆம் நாள், அப்படம் முதன்முதலாக ஒளிபரப்பானது. எந்த அலைவரிசையில்? ஒரு காலத்தில் லொள்ளு சபா ஓடிய அதே விஜய் தொலைக்காட்சியில்.

நேயர்களே, கலைவாணரின் கிந்தன் பள்ளிக்குப் போனான். யோகி பாபுவின் மண்டேலா வாக்குச் சாவடிக்குப் போனான். இருவரும் கடைசிப் படியில் நின்றவர்கள். இருவரும் நம்மைச் சிரிக்க வைத்துத்தான் நம் கண்ணைத் திறந்தார்கள். நடுவில் இருந்த லொள்ளு சபா அத்தனை பெரிய கருத்தைச் சொல்லவில்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் அது ஒரு பட்டறையாக இருந்தது. பெரிய பின்புலம் இல்லாத இளைஞர்கள் வாராவாரம் எழுதிப் பழகவும், நடித்துப் பழகவும், தவறினால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது. பெரிய நட்சத்திரங்களையும் கேலி செய்யலாம் என்ற துணிவையும் பார்ப்பவர்களுக்குக் கொடுத்தது. அத்துணிவுக்காக ரசிகர்களின் கோபத்தையும் அவர்கள் சந்திக்க வேண்டியிருந்தது. மேட்டு நிரைக்கு அனுப்பப்பட்ட நம் தோட்டத்துக் கோமாளிக்கு நேர்ந்ததைப் போல, சிரிக்க வைத்தவர்களே அதன் விலையையும் கொடுத்தார்கள்.

நம் பிள்ளைகளில் ஒருவன் பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் போலவோ, பேருந்து ஓட்டுநரைப் போலவோ பேசிக் காட்டினால், "கூத்தாடிப் பயலே, போய்ப் படி" என்று அதட்டிவிடுகிறோம். படிக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்தவரைக் கூர்ந்து கவனிப்பதும் ஒரு படிப்புத்தான் என்பதை மறக்கக்கூடாது. அந்தப் பையனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "பேசியதை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். எழுதியதைப் பத்து முறை திருத்தச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி விழாவிலோ கோயில் திருவிழாவிலோ பத்து நிமிட மேடை வாங்கிக் கொடுங்கள். தங்கைக்கும் அதில் ஒரு நல்ல வேடம் கொடுக்கச் சொல்லுங்கள். மேடையேறும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "தம்பி, நீ யாரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாய்? உன்னை விட மெலிந்தவனையா, வலியவனையா?"

அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்த பிள்ளை நல்ல கலைஞனாகவும் வருவான், நல்ல மனிதனாகவும் வருவான். அன்று கிராணியைப் போலப் பேசிக் காட்டிய அந்தப் பெரியவர் இன்று இல்லை. அந்த லயங்களும் இல்லை. அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. ஆனால் அன்று திடலில் எழுந்த சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. இன்றிரவு தொலைக்காட்சியைப் பார்த்து நீங்கள் சிரிக்கும்போது, திரையில் தெரியாத உழைப்பாளிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.